சொட்டும் எண்ணெயும் சோம்பிய சித்தாந்தமும்

மோட்டார் சைக்கிளின் அடியில் எண்ணெய் சொட்டுவது அதன் சுபாவம் என்றும், பழைய புல்லட்டாக இருந்தால் அது அவ்வண்டியின் லட்சணமே என்றும், சொட்டுகிற வரையில் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தமாதலால் கவலைக்கு இடமில்லை என்றும், வீட்டில் உட்கார்ந்து ஸ்பேனரைக் கையில் எடுத்தால் நல்ல யந்திரத்தைக் கெடுத்துக்கொள்வதில்தான் முடியும் என்றும் சொல்லாத வண்டிக்காரரைக் காண்பது அரிதாக இருக்கிறது. நேற்று வண்டி வாங்கியவரும், தலை நரைக்கும் வரையில் ஒரே வண்டியை ஓட்டி வந்தவரும், இந்த ஒரு விஷயத்தில் அபிப்பிராய பேதமின்றி நிற்கிறார்கள். இத்தனை பேர் சேர்ந்து நம்புவதால் ஒரு நம்பிக்கை உண்மையாகிவிடாது. இது பிழையான நம்பிக்கை என்பதோடு, ஒரு வாஷரில் தீர வேண்டிய கோளாறை எஞ்சினைப் பிரிக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடுகிற நம்பிக்கையும் ஆகும் என்பது என் வாதம்.

எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் பூரண பலத்தோடு முதலில் எடுத்துரைக்கிறேன். ஓர் இரவில் 10 துளி விழுவதாகக் கொள்வோம். ஏறக்குறைய 20 துளி சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். ஆகவே இரவொன்றுக்கு அரை மில்லிலிட்டர், மாதத்துக்கு 15 மில்லிலிட்டர். ஏறக்குறைய 1 லிட்டர் எண்ணெய் கொள்ளும் சிறிய எஞ்சினுக்கும், அதைப்போல் இரு மடங்குக்கு மேல் கொள்ளும் புல்லட்டுக்கும் இது ஒரு நஷ்டமே அன்று. மேலும், தொழிற்சாலையில் இணைத்த பகுதிகளை ஒருமுறை பிரித்துவிட்டால் அவை பழையபடி பொருந்துவதில்லை என்று பலர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். பழைய வண்டி விற்கிறவர்கள் ‘கை படாத எஞ்சின்’ என்பதையே முதற் சிறப்பாகச் சொல்லி விலை கூட்டுவது அதனால்தான். கசிவு மிகுந்துவிட்டால் நட்டை ஒரு சுற்று இறுக்கலாம், அல்லது பேஸ்ட் தடவலாம். அதற்கும் அடங்காவிட்டால், ஆயுள் முழுவதும் இதே வேலையாக இருக்கும் மெக்கானிக் தெருமுனையில் இருக்கிறார். சாமானியன் தன் ஞாயிற்றுக்கிழமையை ஏன் வீணாக்க வேண்டும்? கேட்பதற்கு விவேகமான பேச்சுத்தான். ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலித்தால் எதுவும் நிற்பதில்லை.

1. சுபாவம் என்று பெயரிட்டுவிட்டால் காரணம் இல்லாமற் போய்விடுமா? புல்லட் ஒழுகுவதற்கு அதன் பழங்கால அமைப்பே காரணம் என்பார்கள். 1955இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கி, அரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படை மாறாமல் செய்துவந்த அந்த வார்ப்பிரும்பு எஞ்சினில், கிராங்க் கேஸ் இடம் வலமாகப் பிளந்து நடுவில் இணைக்கப்பட்டிருக்கிறது. கியர் பெட்டி தனி, பிரைமரி செயின் ஓடும் அறை தனி, மேலே ராக்கருக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய் வெளியே தனி. இத்தனை இணைப்புகள் உள்ள இடத்தில் கசிவு இயற்கை என்பது அவர்கள் துணிபு. இணைப்புகள் அதிகம் என்றால் கசியத்தக்க இடங்கள் அதிகம் என்று ஆகுமே ஒழிய, கசிந்தே தீர வேண்டும் என்று ஆகாது. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வண்டியின் கிராங்க் கேஸும் அதே இடம் வலப் பிளவு கொண்டதுதான். அதன் வழிவந்த லட்சக்கணக்கான வண்டிகள் நின்ற இடத்தில் கறை வைக்காமல் நிற்பதை நாள்தோறும் பார்க்கிறோம். பிளவு ஒன்றே காரணமாயின் இவையும் ஒழுகியிருக்க வேண்டுமல்லவா?

உண்மைக் காரணம் பல சமயங்களில் வேறிடத்தில் இருக்கிறது. 346 சி.சி. கொண்ட ஒற்றைச் சிலிண்டரில் பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும் அதே அளவு இடத்தைக் கிராங்க் கேஸுக்குள் அடைத்துக்கொண்டு அங்குள்ள காற்றை நெருக்குகிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் இந்த நெருக்கல் விநாடிக்கு 50 முறை நிகழ்கிறது. அந்தக் காற்று வெளியேறுவதற்கென்று பிரீதர் குழாயும், போன காற்றைத் திரும்ப விடாத ரப்பர் வாயும் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ரப்பர் உஷ்ணத்தில் விறைத்து ஒட்டிக்கொண்டாலோ, குழாய் மடிந்து நசுங்கினாலோ, அதன் வாயில் சேறு அடைத்தாலோ, எந்த இணைப்பு துர்ப்பலமோ அதன் வழியாகக் காற்று எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. அந்நிலையில் ஒரு கேஸ்கெட்டை மாற்றினால் சில நாளில் இன்னொரு கேஸ்கெட் கசிகிறது. அதை மாற்றினால் மூன்றாவது. உடனே, ‘பார்த்தீர்களா, இந்த வண்டியின் சுபாவம் இது’ என்கிறார்கள். மாற்ற வேண்டியிருந்தது ஒரு ரப்பர்த் துண்டு. அதை ஒருவரும் கழற்றிப் பார்க்கவில்லை.

புல்லட் விஷயத்தில் இன்னொரு காரணத்தைச் சொந்தக்காரரே உண்டாக்குகிறார். வண்டி பல நாள் ஓடாமல் நின்றால், எஞ்சினின் பின்பகுதியில் தனி அறையில் இருக்கும் எண்ணெய், பம்பின் இடுக்குகள் வழியே சிறிது சிறிதாகக் கிராங்க் கேஸின் அடிக்கு இறங்கிவிடுகிறது. அப்போது டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பவர், எண்ணெய் குறைந்துவிட்டது என்று பயந்து மேலும் ஊற்றுகிறார். வண்டி ஓடியதும் இறங்கிய எண்ணெய் பம்பினால் அறைக்குத் திரும்புகிறது. இடமில்லாத மிகுதி பிரீதர் வழியாக வெளியே வந்து எஞ்சினின் பின்புறமெல்லாம் நனைக்கிறது. சிறிது நேரம் ஓட்டி நிறுத்திய பின், வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி அளவைப் பார்த்திருந்தால் இந்தக் கசிவு பிறந்தே இராது. இதைப் போய்ச் சுபாவம் என்பதா?

2. துளிக் கணக்கு சரிதான். ஆனால் அது எதை அளக்கிறது? நிற்கிற வண்டியில் எண்ணெயை வெளியே தள்ளுவது அதன் எடை ஒன்றே. ஓடுகிற வண்டியிலோ பம்பின் அழுத்தமும், கிராங்க் கேஸின் காற்று நெருக்கமும், சூட்டில் நீர்த்துப்போன எண்ணெயின் மெல்லிய தன்மையும் ஒன்று சேர்கின்றன. இரவில் தரையில் விழுந்ததை எண்ணிவிட்டு, பகலெல்லாம் காற்றோடு போனதை எண்ணாமல் விடுகிற கணக்கு அது. தரையில் ஐந்து துளி விழும் வண்டியில் டிப் ஸ்டிக்கின் அளவு மாதத்துக்கு ஒரு விரற்கடை இறங்குமானால், எதை நம்புவது? 1 லிட்டர் கொள்ளும் எஞ்சினில் 300 மில்லிலிட்டர் போய்விட்டால், மிஞ்சிய எண்ணெய் அதே வேலையைச் செய்து, அதே உஷ்ணத்தைத் தாங்கி, விரைவில் கெட்டும் போகிறது. பிஸ்டன் பிடித்துக்கொண்ட எஞ்சின்களில் பல இந்த வழியாகத்தான் அந்த முடிவுக்கு வந்து சேர்கின்றன.

எண்ணெய் எவ்வளவு போகிறது என்பதைவிட எங்கே போகிறது என்பது பெரிய கேள்வி. முன் ஸ்ப்ராக்கெட்டின் ஆயில் சீல் கசிந்தால், செயின் அந்த எண்ணெயை வாரிக்கொண்டு போய்ப் பின் சக்கரத்தில் வீசுகிறது. டயரின் விளிம்பில் படிந்த எண்ணெய் நேர் சாலையில் ஒன்றும் செய்வதில்லை. வண்டியைச் சாய்த்து வளைவில் திருப்பும்போதுதான் அந்த விளிம்பு தரையைத் தொடுகிறது. பிரேக் டிரம்முக்குள் புகுந்த எண்ணெயும் அவ்வாறே. பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க வேண்டி வருகிற அந்த ஒரு நாள் வரையில் அது தன்னை வெளிக்காட்டாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்களில் எண்ணெய் படர்ந்தால் புழுதி ஒட்டி மேலோடாகக் காய்ந்துவிடுகிறது. காற்றினாலேயே குளிர வேண்டிய எஞ்சினுக்கு, நம்முடைய சித்திரை வெயிலில், இதைவிடப் பெரிய துரோகம் இல்லை. வாசலில் கோலம் போடுகிற இடத்தில் படிகிற கறையைச் சிறு விஷயம் என்று தள்ளுவோரும் உண்டு. உபயோகித்த எண்ணெயை மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் அபாயகரமான கழிவுகளில் சேர்த்திருப்பதை அவர்கள் சிந்திப்பது நலம்.

3. ஈரம் தெரியும் இடமே எண்ணெய் வெளிப்படும் இடம் என்று யார் சொன்னது? ‘கை வைக்காதே’ என்பவர்களும் ‘எஞ்சினை இறக்கிவிடு’ என்பவர்களும் ஒன்றுபடும் இடம் இது. இரு சாராரும் அடியில் தொங்கும் துளியைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லுகிறார்கள். ஓட்டு வீட்டில் கூடத்து நடுவில் சொட்டும் மழைநீருக்கு நேர் மேலே உடைந்த ஓடு இருப்பதில்லை. எங்கோ உள்ளே புகுந்த நீர் கைமரத்தின் வழியே ஓடிவந்து இங்கே விழுகிறது. எஞ்சினிலும் எண்ணெய் நிற்கும்போது கீழ்நோக்கியும், ஓடும்போது எதிர்காற்றினால் பின்நோக்கியும் பரவுகிறது. ஆகையால் ஈரமான இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலாகவும் முன்னாலும் இருக்கிறதோ, அங்கேதான் மூலத்தைத் தேட வேண்டும். டேப்பெட் கவரில் கசிந்த எண்ணெய் ஃபின்களில் இறங்கி, கிராங்க் கேஸின் விளிம்பில் ஓடி, டிரெயின் நட்டின் தலையில் துளியாகத் தொங்கும். டிரெயின் நட்டு ஒரு பாவமும் அறியாது. முறுக்குப் படுவதோ அதுதான்.

அது எஞ்சின் எண்ணெய்தானா என்றுகூடப் பலர் கேட்பதில்லை. ஸ்ப்ராக்கெட் மூடியின் அடியில் கறுப்பாகப் பிசுபிசுத்து வடிவது பல வண்டிகளில் செயினுக்கு மிதமிஞ்சிப் போட்ட எண்ணெயே. முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் வளையமாகப் படிவது ஃபோர்க் சீலின் கோளாறு. கார்புரேட்டரிலிருந்து வழியும் பெட்ரோல், புழுதியைக் கழுவிக் கோடு போட்டுவிட்டுத் தான் ஆவியாகிவிடும். டிஸ்க் பிரேக்கின் திரவம் பட்ட இடத்தில் பெயிண்ட் உரியும். இவற்றுள் எதற்கும் எஞ்சினைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஆயினும் இவற்றுக்காக எஞ்சினைத் திறந்தவர்கள் உண்டு.

அறிந்துகொள்ளும் முறை எளியது; சிரத்தை ஒன்றே வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பின் சக்கரத்தையும் பிரேக்கையும் துணியால் போர்த்திவிட்டு, மண்ணெண்ணெயிலோ டீசலிலோ தோய்த்த பிரஷ்ஷால் பழைய அழுக்கு முழுவதையும் நீக்கி, சோப்பு நீரால் துடைத்து உலரவிட வேண்டும். பெட்ரோலைத் தொடவே கூடாது. அது தீயை அழைப்பதாகும். உலர்ந்த இணைப்புகளின் மேல் முகப் பவுடரையோ சாக்பீஸ் தூளையோ மெல்லத் தூவி, வண்டியைத் திறந்த வெளியில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, டார்ச் விளக்கோடு குனிந்து பார்த்தால், எண்ணெய் வெளிப்படும் இடத்தில் வெள்ளைப் பொடி கறுத்துக் கோடாக நனைந்திருப்பது பிரத்தியட்சமாகத் தெரியும். தெரியாவிட்டால் சிறிது தூரம் ஓட்டிவந்து மறுபடியும் பார்க்கலாம். இரவில் அடியில் ஓர் அட்டையை விரித்து, சக்கரங்கள் நின்ற திக்கை அதில் குறித்து வைத்தால், எந்தப் பகுதியின் கீழ் துளி விழுகிறது என்பது காலையில் விளங்கும். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஓடும்போது மட்டும் கசிந்தால் அழுத்தத்தையும் பிரீதரையும் சந்தேகிக்க வேண்டும். நிற்கும்போதும் கசிந்தால் டிரெயின் நட்டையும் கீழ் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கையில் மட்டும் கசிந்தால், எண்ணெய் இடப்புறம் சாய்ந்து நிற்பதால், கியர் லீவர் அப்புறத்தில் உள்ள வண்டிகளில் அதன் தண்டைச் சுற்றிய ஆயில் சீலும் மேக்னட் கவரின் இணைப்புமே முதலில் பரிசோதிக்கத் தக்கவை.

4. ‘ஒரு சுற்று இறுக்கினால் நின்றுவிடும்’ என்பது யந்திர சாஸ்திரத்துக்கே விரோதமான பேச்சு. கை வைக்காதே என்று உபதேசிப்பவர்களே இதையும் சொல்லுகிறார்கள். நிதானமாகத் திறந்து பார்ப்பது அபாயம், கண்ணை மூடிக்கொண்டு முறுக்குவது அபாயமன்று என்றால் இரண்டும் எவ்வாறு பொருந்தும்?

கவர்களைப் பிடித்திருக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 10 கிலோ எடை தொங்கினால் உண்டாகும் விசை அது. 25 சென்டிமீட்டர் பிடியில் 20 கிலோ பலத்தை ஒருவர் செலுத்தினால் விசை 50 ஆகிறது. வேண்டியதைப்போல் ஐந்து மடங்கு. அலுமினியத்தில் வெட்டிய மரை இதைத் தாங்காது. மரை கழன்றுவிட்டால், நேற்று வரை சொட்டிய இடத்தில் இன்று போல்ட்டே நிற்பதில்லை. துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்ட வேண்டியிருக்கிறது. மரை தப்பினாலும் கவர் தப்புவதில்லை: போல்ட் உள்ள இடங்கள் அழுந்த, இடைப்பட்ட இடங்கள் வளைந்து தூக்கி, கேஸ்கெட் நசுங்கிப் பிதுங்கி, முன்பு இல்லாத இடைவெளி புதிதாக உண்டாகிறது. வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டின் பிரைமரி கவர் இதற்குத் தக்க உதாரணம். அவ்வளவு பெரிய கவரை நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டுத்தான் பிடித்திருக்கிறது. எண்ணெயைத் தடுப்பது விளிம்பைச் சுற்றிய ரப்பர் சீல். ரப்பர் விறைத்துவிட்டால் புது ரப்பரை மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் நடு நட்டை முறுக்க முறுக்க, நடுப்பாகம் உள்ளே குழிந்து விளிம்பு விலகுகிறது. விலகியதால் இன்னும் ஒழுகுகிறது. ஒழுகுவதால் இன்னும் முறுக்குகிறார்கள்.

கியர் லீவர் தண்டில் கசிகிற எண்ணெய்க்கோ, இறுக்குவதற்கு நட்டே கிடையாது. அங்கே தேய்ந்திருப்பது ஆயில் சீலின் ரப்பர் உதடு. பல வண்டிகளில் லீவரைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்தே பழைய சீலை எடுக்கலாம். தண்டிலும் அது உட்காரும் குழியிலும் கீறல் விழாமல் எடுப்பதில்தான் கவனம் வேண்டும். புதிய சீலின் உதட்டில் சிறிது எண்ணெய் தடவி, அதே அளவுள்ள பாக்ஸ் ஸ்பேனரின் தலையை வைத்துக் கோணாமல் தட்டி இறக்கினால் வேலை முடிந்தது. டிரெயின் நட்டின் வாஷர் விஷயமும் இப்படியே: ஒருமுறை நசுங்கி அடைக்கும்படி செய்யப்பட்ட அந்த மெல்லிய உலோக வளையத்தை, எண்ணெய் மாற்றும்போதெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, அது அடைக்கவில்லை என்று நட்டின் மேல் கோபிக்கிறோம்.

பேஸ்ட் தடவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ, உள்ளேயும் அவ்வளவு பிதுங்குகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. உள்ளே பிதுங்கியது நாளடைவில் உதிர்ந்து எண்ணெய்ச் சல்லடையிலோ நுண்ணிய எண்ணெய் வழியிலோ போய் அடைத்துக்கொண்டால், அதற்கு அப்பால் இருக்கிற பாகத்துக்கு எண்ணெய் இல்லை. வெளிப்புறத்தில் எம்சீலை அப்புவது இன்னும் வீண். எண்ணெய் கசிகிற உலோகத்தின் மேல் அது பிடிப்பதே இல்லை. செய்ய வேண்டியது வேறு. எண்ணெயை வடித்துக் கவரைக் கழற்றி, பழைய கேஸ்கெட்டின் துணுக்குகளை ஸ்க்ரூ டிரைவரால் கீறி எடுக்காமல், மூங்கில் சிம்பு போன்ற மெதுவான பொருளால் சுரண்டி, இரு பரப்புகளையும் எண்ணெய்ப் பசையறத் துடைத்து, புதிய கேஸ்கெட்டை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிர் மூலையாக இரண்டு மூன்று தவணையில் சமமாக இறுக்க வேண்டும். போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடுமாதலால், ஓர் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, கழற்றிய வரிசைப்படியே அதில் குத்தி வைப்பது அவசியம். கேஸ்கெட் கிடைக்காத பழைய வண்டிகளுக்கு, பேக்கிங் பேப்பரைக் கவரின் விளிம்பில் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டியே அச்சாக வெட்டி எடுக்கும் நம் ஊர்க் கைவேலை, எந்தப் பேஸ்டைக் காட்டிலும் மதிப்புக்குரியது.

5. ‘கை படாத எஞ்சின்’ என்பது பெருமையா? கிளட்ச் பிளேட் தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே கிளட்ச் கவர் கழலும்படி அமைந்திருக்கிறது. டேப்பெட்டைச் சரிபார்ப்பதற்கென்றே அதன் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. செய்தவர்களே கேஸ்கெட்டையும் சீலையும் தனித்தனியே விற்கிறார்கள். திறக்கப்படும் என்று எண்ணிச் செய்த யந்திரத்தைத் திறந்தால் கெட்டுவிடும் என்று பயப்படுவதற்கு ஆதாரம் என்ன? பிரித்தபின் பொருந்தாத எஞ்சின்களை நானும் கண்டிருக்கிறேன். அவற்றில் பழைய கேஸ்கெட் மறுபடியும் போடப்பட்டிருந்தது, அல்லது பரப்பு கீறப்பட்டிருந்தது, அல்லது போல்ட் இடம் மாறியிருந்தது. பிரித்த விதத்தின் குற்றத்தைப் பிரித்ததன் குற்றமாக்குவது தர்க்கமாகாது.

6. மெக்கானிக் இருக்கிறாரே என்னும் வாதம் அவருக்கே அநியாயம் செய்கிறது. அவர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிறு வயதிலேயே தொழிலுக்கு வந்து, காதால் கேட்டே எஞ்சினின் நோயைச் சொல்லும் மனிதர்கள் நம் வீதிகளில் இருக்கிறார்கள். ஆனால் வண்டி அவரிடம் போகும்போது எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கிறது. அடியெல்லாம் பழைய அழுக்கு. பின்னால் வேறு வண்டிகள் காத்து நிற்கின்றன. கழுவி உலர்த்திப் பொடி தூவி ஓர் இரவு காத்திருக்க அவருக்கு அவகாசம் எங்கே? ‘எங்கிருந்தோ ஆயில் லீக்காகிறது, பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு வருகிறவரிடம், ‘எஞ்சினை இறக்கணும் சார்’ என்றுதானே அவர் சொல்ல முடியும்? கிராங்க் கேஸின் நடு இணைப்பு, கிராங்க் தண்டின் சீல், சிலிண்டர் ஹெட் கேஸ்கெட், வார்ப்பில் விழுந்த வெடிப்பு ஆகியவை வீட்டு வேலையல்ல என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். அவற்றைத் தொடாமல் இருப்பதே நலம். ஆனால் கசிவது அவற்றிலிருந்தா, அன்றி வேறிடத்திலிருந்தா என்று கண்டறிவது, வண்டி இரவெல்லாம் யாருடைய வாசலில் நிற்கிறதோ அவருக்கே இயலும். ‘மேக்னட் கவரின் அடியில், முன் போல்ட்டுக்குப் பக்கத்தில், சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது மட்டும் கசிகிறது, பிரீதரைப் பார்த்துவிட்டேன், எண்ணெய் அளவும் சரியாக இருக்கிறது’ என்று சொல்லி வண்டியை விடுகிறவருக்கு, அந்த ஒரு கவரைக் கழற்றி, ஒரு கேஸ்கெட்டை மாற்றி, வேறெந்தப் போல்ட்டையும் தொடாமல் மெக்கானிக் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.